கண் வறட்சி: காற்றும் தூசியும் மட்டும்தானா காரணம்?

ஆரல்காற்று:
ஆரல்வாய்மொழியில் இருந்துகொண்டு கண் உறுத்துகிறது என்றால் யார் மதிப்பார்கள்? காற்றாலையைச் சுற்றவைக்கிற காற்று, அதிலே தூசி, அவ்வளவுதான் என்பார்கள். எனக்கு ஐப்பசி மழையிலும், கதவைச் சாத்திய வீட்டுக்குள்ளும் மணல் கிடப்பதுபோல உறுத்தல். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் கீழிமையில் சின்னக் காகிதப் பட்டையைச் செருகி, 5 நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஷிர்மர் சோதனையாம். 5 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் கண்ணீர் ரொம்பக் குறைவு. எனக்கு நனையவில்லை.

அவர் சொன்னதுதான் இங்கே எழுதவைத்தது. கண்ணீர் குறைந்தால், மிச்சமிருப்பதில் உப்பு கூடுகிறது. அந்த உப்பு கண்ணின் மேல்தோல் செல்களை உசுப்புகிறது. அவை சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அதை மோப்பம் பிடித்து நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் வந்து குவிகின்றன. கிருமியே இல்லை, ஆனாலும் சண்டை. அதில் கண்ணீரை ஒட்டவைக்கும் சளியைச் சுரக்கிற செல்கள் சாகின்றன. பிறகு கண்ணீர் கண்ணில் ஒட்டித் தங்காது, மறுபடி உப்பு ஏறும். செயற்கைக் கண்ணீர் உப்பை நீர்க்கவைக்கும், ஆனால் வந்து குவிந்த டி செல்களைத் திருப்பி அனுப்பாது. அதனால் டி செல்களை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதினார். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் அதே மருந்து! 0.05 சதவீதச் சொட்டாக அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்றதாம். உங்களில் யாருக்காவது இப்படி?

தக்கலை மயினி:
எனக்கில்லை அண்ணே, எங்க நாத்தனாருக்கு. அவளுக்குக் கண் மட்டுமில்லை. அவித்த மரச்சீனி தண்ணீர் குடிக்காமல் தொண்டையில் இறங்காது. பல் ஒவ்வொன்றாகச் சொத்தையானது. காலையில் விரல் மடங்காது. பல்லுக்கு ஓரிடம், எலும்புக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம் என்று அலைந்தாள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. கடைசியில் ஒரு சின்ன வயசு கண் டாக்டர்தான், “அக்கா, வாய் வறளுதா?” என்று கேட்டார். ஒரு கேள்வி!

ரத்தத்தில் ஆன்டி-ரோ பாசிட்டிவ், அதாவது உடம்பு தன்னையே எதிர்த்து உண்டாக்கும் ஒரு எதிர்ப்பொருள் இருந்தது. ஸ்யோக்ரென் நோய் என்றார்கள். ஹென்ரிக் ஸ்யோக்ரென் என்ற சுவீடன் கண் மருத்துவர் 1933-இல் இதைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறார். அண்ணன் சொன்ன கதை இதில் தலைகீழ்: கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் உடம்பின் எதிர்ப்பு செல்களே முதலில் தாக்குகின்றன, கண்ணீர் வற்றுவது அதற்கப்புறம். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதனால்தானோ என்னவோ ‘வயசாகுது, மாதவிடாய் நிற்கிற நேரம்’ என்று எளிதில் சொல்லிவிடுகிறார்கள். இப்போது வாதநோய் மருத்துவரிடம் காட்டுகிறோம். தாடைப் பக்கம் வீக்கம் வந்து வற்றாமல் நின்றால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாம்.

குலசேகரம் பால்வெட்டு:
எனக்கு முடக்குவாதம் உண்டு, கண்ணும் வறட்சி. சைக்ளோஸ்போரின் போட்டால் எரியுது அண்ணே. ஒரு பலனும் தெரியலை, நிறுத்திட்டேன். முன்னாடி மெடிக்கல்ல ஒரு சொட்டு தந்தாங்க, போட்ட மறுநாளே சிவப்பு போச்சு. அதையே வாங்கிப் போடலாமா?

ஆரல்காற்று:
எரிச்சல் எனக்கும் இருந்தது. அது பலன் காட்ட மாதக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் பொறுத்தேன். செயற்கைக் கண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்து இதை விடச் சொன்னார்கள், பரவாயில்லை. நிறுத்தினதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். மறுநாளே சிவப்பு போனதென்றால் அது அழற்சியைச் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு மருந்தாக இருக்கலாம். டாக்டர்களும் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் தருகிறார்கள்தான், ஆனால் கணக்கு வைத்து நிறுத்திவிடுவார்கள். நாமே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரும். குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குப்பியோடு போய்க் காட்டி, கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.