புதுப்பிப்பு: வாஷிங் மெஷின் விற்றாயிற்று

வேளச்சேரி வீட்டைக் காலி செய்வதால் பழைய வாஷிங் மெஷினை 7,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டதையும், ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பொருளைப் பார்க்காமலே "பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்க" என்று கியூஆர் கோடு அனுப்பியதையும் போன வாரம் எழுதியிருந்தேன்.

ஸ்கேன் செய்யவில்லை. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பணம் தருவதாகச் சொல்லிப் பின் கேட்டாலே நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். அம்மாவையும் உட்காரவைத்து இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஏற்கெனவே பணத்தை விட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கஷ்டம்.

"கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: நேரில் வந்து ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பாதிப் பேர் அதோடு ஆளைக் காணோம். நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அண்ணன் 'குட்டி யானை' லோடு வண்டியோடு வந்தார். டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தார், தண்ணீர் விட்டு ஸ்பின் ஓடவிட்டார். 6,200க்கு முடிந்தது. வங்கி ஆப்பில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றினோம். எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள், அதையும் போலியாக அனுப்புகிறார்கள்.