அம்மாவின் தோள்பட்டை, முதுகு வலி: கைவைத்தியம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இலங்கையில தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு 52 வயசு, 30 வருசமா கொழுந்து எடுக்கிறாங்க. மூணு மாசமா வலது தோள்பட்டையிலிருந்து நடுமுதுகு வரைக்கும் பிடிச்சு இழுக்குது. காலையில கைய தலைக்கு மேல தூக்க ஏலாது. கொண்டை போட்டுவிடுறதே தங்கச்சிதான். தேத்தண்ணி குடிச்சு மலைக்கு ஏறின பிறகு கொஞ்சம் இளகும். பின்னேரம் கொழுந்து நிறுவை முடிஞ்சு வரும்போது திரும்பக் கல்லு மாதிரி இறுகிரும். கூடைக் கயிறு நாள் முழுக்கத் தலையில இழுக்கிறதும் ஒரு காரணம்னு எனக்குப் படுது. விரல் விறைப்பு, காய்ச்சல் இல்ல. எங்கயும் விழவும் இல்ல.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்து, எலும்புல ஒண்ணுமில்ல, தசைப்பிடிப்புன்னு மாத்திரை குடுத்தாங்க. வயிறு எரியுதுன்னு அம்மா அத விட்டுட்டாங்க. நல்லெண்ணெயில பூண்டு காய்ச்சித் தேய்ச்சோம். நொச்சி இலை அவிச்ச தண்ணி ஊத்தினோம். கல்லுப்ப வறுத்து, பழைய சாரத்துல (கைலியில) முடிஞ்சு ஒத்தடம் குடுத்தோம். வலிக்குக் கேட்டது அது ஒண்ணுதான், அதுவும் விடியும்வரைக்கும். எங்க குளிருக்கு அடுப்படியிலிருந்து இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வர்றதுக்குள்ளயே பாதிச் சூடு போயிருது! வீட்டுல இருங்கன்னா, "பேரு யாரு போடுவா?"ன்னு கேக்கிறாங்க, நாள் சம்பளக் கணக்கத்தான் சொல்றாங்க.

வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரியில கால் மணி நேரம் வீட்டுல செய்யக்கூடியதா, உங்க ஆளுங்க யாருக்காவது நிசமாவே கேட்ட பயிற்சியோ பத்தோ (மருந்துப் பூச்சோ) எது?