அட்டைப்படம் உங்களை அப்படியே நிறுத்திவைத்த அந்த ஒரு நொடி

மழைக்குருவி:
லீ பார்டுகோவோட சிக்ஸ் ஆஃப் க்ரோஸ் மாயாஜால நாவல், 2015ல வந்த கெட்டி அட்டைப் பதிப்பு. கதையை இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, நேரா விஷயத்துக்கு வரேன். பாதி படிச்சுட்டு புத்தகத்தை மடியில கவிழ்க்கப் போறேன், ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுந்தது. இத்தனை நாளா காக்காவோட இறகுன்னு பார்த்துட்டிருந்தது, நுனிக்குப் போகப் போக கோபுரமாவும் கட்டடமாவும் மாறுது. சிறகுக்குள்ளயே ஒரு ஊர் நிக்குது! பக்கங்களோட ஓரம் வேற முழுக்கக் கறுப்பு, மூடி வெச்சா கரிக்கட்டை மாதிரி. அன்னிக்கு மேற்கொண்டு படிக்கவே ஓடல. விமர்சனம் எழுதறவங்க "அட்டை அருமை"ன்னு ஒரே வரியில தாண்டிடறாங்க. அந்தச் சிறகை யோசிச்சவங்களுக்கு அது போதுமா? உங்களுக்கு இப்படி எது?

தாழ்வாரம்:
எனக்கு இது உறுத்தலாகத்தான் நடந்தது. எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ நாவல். நான் படித்த பிரதியின் அட்டையில் வெளுத்த முகத்தோடு ஒரு பையன். உள்ளே கதையின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் தோழன் வெட்ச் இன்னும் கறுத்தவன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். யார் இந்தப் பையன்? கதையில் இவன் வரவே இல்லையே! அதை எழுதிய உர்சுலா லெ க்வின் அவர்களே இதைப் பற்றி வெளிப்படையாக ஆதங்கப்பட்டிருக்கிறார். 1968 முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டையைப் பிறகுதான் பார்த்தேன். செம்பு நிறத்தில், பக்கவாட்டில் ஒரு முகம். சரியான முகம் முதலிலேயே இருந்திருக்கிறது. இன்னும் மனசு ஆறவில்லை.

ஏழாம்கதவு:
தாழ்வாரம், உங்கள் கோபம் நியாயம். ஆனால் அட்டையில் முகமே வேண்டாம் என்பேன். ஒரு தொடரை வெறும் வாளும் முட்செடியும் மட்டும் இருந்த அட்டையில் படித்தேன். நாயகியின் முகம் முழுக்க என் கற்பனை. படம் வெளிவந்ததும் நடிகையின் முகத்தோடு புதுப் பதிப்பு போட்டார்கள். அதைப் பார்த்த நிமிஷமே நான் வைத்திருந்த முகம் கலைந்துபோனது, இப்போது எவ்வளவு முயன்றாலும் திரும்ப வரமாட்டேன் என்கிறது. ஹங்கர் கேம்ஸ் நாவலின் 2008 அட்டையைப் பாருங்கள். கறுப்புப் பின்னணி, தங்க நிறத்தில் ஒரு பறவைச் சின்னம். அதற்குமேல் என்ன வேண்டும்?

தாழ்வாரம்:
ஏழாம்கதவு, இதில் உடன்பாடில்லை. சில்ட்ரன் ஆஃப் ப்ளட் அண்ட் போன் நாவல் 2018ல் வந்தபோது என் அக்கா மகள் அதைக் கையில் எடுத்தாள். கறுத்த பெண்ணின் முகம், அதற்கு மேலே அட்டை முழுக்க எழும்பி நிற்கும் வெள்ளை முடி. ஒன்றும் பேசவில்லை. பின்னலை அவிழ்த்து, தன் சுருட்டை முடியை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அட்டையையே பார்த்தாள். முகமில்லாத அட்டை இதைச் செய்திருக்காது.

பனையோலை:
என்னிடம் இருக்கும் டிராகன் தொடரில் முன்னட்டை இன்னும் ரத்தச் சிவப்பு, முதுகுப் பக்கம் மட்டும் வெளிறி நீலம் பாய்ந்துவிட்டது. அலமாரியில் வெயில் பட்டது முதுகு மட்டும்தானே. அச்சில் சிவப்பு என்பது மெஜன்டா என்ற கருஞ்சிவப்பு மையும் மஞ்சளும் சேர்ந்தது. வெளிச்சத்தில் இவை இரண்டும்தான் சீக்கிரம் மங்கும், சயான் என்ற நீல மையும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஜன்னலுக்கு எதிரே அடுக்காதீர்கள். பசை உள்ள பிளாஸ்டிக் உறை ஒட்டவே ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது மேலே இருக்கும் லேமினேஷனும் சேர்ந்து உரிந்து வரும். தனியாகக் கழற்றும் மேலுறை இருந்தால் படிக்கும்போது எடுத்து வைத்துவிடுங்கள். சில பதிப்புகளில் உள்ளட்டையிலேயே இன்னொரு சித்திரம் அச்சாகியிருக்கும். ஃபாயில் என்ற உலோகத் தாள் அச்சில் மின்னும் தலைப்பை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம், உலர்ந்த பருத்தித் துணி போதும். எம்பாஸ் செய்து புடைத்த எழுத்தின் மேல் கனமான புத்தகத்தை அடுக்கினால் காலப்போக்கில் அமுங்கும். மழைக்குருவி, வடிவமைப்பாளர் பெயர் பெரும்பாலும் பதிப்புரிமைப் பக்கத்திலோ மேலுறையின் உள்மடிப்பிலோ சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்த தடவை விமர்சனம் எழுதினால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

மழைக்குருவி:
பனையோலை, கண்டிப்பா எழுதறேன். எல்லாரும் எழுதணும்.

நாலாம்பாகம்:
என் குறையைக் கேளுங்க. ஒரு தொடர், முதுகுகளை வரிசையா அடுக்கினா ஒரு பாம்பு முழுசா வரணும். முதல் பாகத்துல வால், ரெண்டுல உடம்பு, மூணுல படமெடுக்கப் போற கழுத்து. நாலாவதுக்குக் காத்துக் கெடந்தேன். வந்தது! உயரமே வேற, முதுகுல ஏதோ ஒரு பொண்ணோட போட்டோ, நடுவுல அட்டையை மாத்திட்டாங்க. பக்கத்துல வெச்சுப் பார்த்தா கழுத்து அப்படியே வெட்டின மாதிரி நிக்குது. கதை நல்லாத்தான் முடிஞ்சது, ஆனா அந்த அடுக்கைப் பார்க்கறப்பல்லாம் மனசு கெடந்து தவிக்குது. வேற நாட்டுப் பதிப்புல நாலாம் பாகம் பழைய வடிவமைப்புலயே வந்த தொடர் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? இருந்தா முதுகை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்க, பார்த்துக்கறேன்.