பணம் கேட்கக் கூச்சப்படும் டிரஸ்டிகள்: உங்கள் அனுபவம் என்ன?

படிப்பு மையம் அக்கா

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன அறக்கட்டளையில் பதினோரு வருடமாக ஒருங்கிணைப்பாளர் வேலை. ஆறு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். டிரஸ்டிகள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் தங்கமானவர்கள். ஆனால் கூட்டத்தில் நிதி என்ற பேச்சை எடுத்தால் போதும், எல்லோரும் டீ கிளாஸுக்குள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பி, "நீதாம்மா ஏதாவது பண்ணணும்" என்பார். கூட்டம் முடிந்தது.

அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தட்ட மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் வராது. "எத்தனை பேருக்கு டி.சி.ல கையெழுத்துப் போட்ட கை இது. இதை நீட்டச் சொல்றியே" என்று ஒருநாள் நிஜமாகவே வருத்தப்பட்டார். அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது?

போன வருடம் வேறு மாதிரி முயன்றேன். முந்தைய வருடம் பணம் கொடுத்த பதினான்கு பேரின் பெயர், எண், கொடுத்த தொகை, அது எதற்குச் செலவானது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "ஐயா, காசு கேட்க வேண்டாம். நன்றி மட்டும் சொல்லுங்கள்" என்றேன். தாளைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் ஆபீஸ் திண்ணையில் நாற்காலியைப் போட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போனை எடுத்தவருக்கு டிக், எடுக்காதவருக்கு 'ஆப்சென்ட்'.

முதல் ஆள் இவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "சார், இந்த மாசம் கொஞ்சம் டைட்டு" என்று சொல்லிவிட்டார். ஐயா சிரித்துவிட்டார். "காசுக்குக் கூப்பிடலை தம்பி. போன வருஷம் நீங்க கொடுத்த ஐயாயிரத்துல பெஞ்சு வாங்கினோம். புள்ளைங்க இப்ப தரையில உக்காரலை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் இருபது நிமிடம் பேசினார்கள். எதைப் பற்றி என்று கேட்டால், பழைய பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றியாம்.

நான்காவது போன்தான் முக்கியம். எடுத்த அம்மா வைய ஆரம்பித்துவிட்டார். எண்பதாயிரத்துக்கு மேல் வரி கட்டுகிறவர். நன்கொடைக்கு வரிக் கழிவு கேட்க நாங்கள் அனுப்பிய 10பிஇ சான்றிதழில் அவருடைய பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பு. கழிவு கிடைக்கவில்லை. இரண்டு தடவை மெயில் போட்டும் பதில் இல்லையாம். தப்பு என்னுடையது, நான்தான் டைப் அடித்தேன். ஐயா ஒரு சாக்கும் சொல்லவில்லை. "நீங்க சொல்றது நியாயம்மா, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒன்பதாம் வகுப்புக்கே போய்விட்டேன். அன்றைக்கே ஆடிட்டரிடம் சொல்லித் திருத்தப் படிவம் போட வைத்தோம்.

பதினான்கில் ஒன்பது பேர் எடுத்தார்கள். அவர்களில் ஆறு பேர் யாரும் கேட்காமலேயே மறுபடி அனுப்பினார்கள். வைத அம்மா உட்பட.

உங்கள் இடத்தில் டிரஸ்டிகள் என்ன செய்கிறார்கள்? நல்லதும் சொல்லுங்கள், சொதப்பலும் சொல்லுங்கள்.

இரும்புக்கடை

நான் டிரஸ்டிகள் பக்கத்து ஆள். விருதுநகரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான்கு வருடமாக டிரஸ்டி. பெயரைப் போட்டார்கள், சரி என்றேன். வருடத்துக்கு மூன்று கூட்டம், ஒரு குரூப் போட்டோ. அதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருதடவை இல்லத்துக் கூரை ஒழுக ஆரம்பித்தது. பக்கத்துக் கடைக்காரர் என் பால்ய சிநேகிதர், அவரிடம் போய்க் கேட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நீ எவ்வளவு போட்ட மாப்ள?" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான்கு வருடத்தில் பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்ததோடு சரி. "இரு, வர்றேன்" என்று எழுந்து வந்து, என் பங்குக்குச் செக் எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் அதே கடைக்குப் போனேன். ரசீதைக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. பேச்சே வேறு மாதிரி வந்தது.

அடுத்த கூட்டத்தில் இதை அப்படியே சொன்னேன். தொகை எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, ஆனால் ஏழு பேரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் பென்ஷன்காரர். அவர் மாதம் இருநூறு ரூபாய் கொடுக்கிறார். எனக்கு அது பெரிய தொகை.

யாரிடம் கேட்பது என்று குழம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் மொய் நோட்டு இருக்கும், எடுத்துப் பாருங்கள். நான் என் மகள் கல்யாண நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். யார் நமக்குச் செய்வார்கள், யாருக்கு நாம் செய்திருக்கிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முப்பது பெயர் குறித்தேன். என் வீட்டுக்காரி மட்டும், "அதுல பாதிப் பேருக்கு நாம இன்னும் திருப்பிச் செய்யலை, அங்கெல்லாம் போயி நிக்காதீங்க" என்று பதினோரு பெயரை அடித்துவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

கணக்கு நோட்டு

இரும்புக்கடை அண்ணன் செக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன், இந்தத் தலைவலியைத் தினமும் பார்க்கிறேன். டிரஸ்டிகள் உற்சாகத்தில் ரொக்கமாக வாங்கி வந்துவிடுகிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி கழிவு, அதாவது நன்கொடைக்கான வரிக் கழிவு, கிடையாது. புது வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் அந்தக் கழிவு இல்லை. ஆகவே "பாதி வரி மிச்சம் சார்" என்று சொல்லிக் கேட்காதீர்கள். தொகையில் பாதிதான் வருமானத்தில் கழியும், வரியில் பாதி இல்லை. அதற்கும் உச்சவரம்பு உண்டு.

அக்கா சொன்ன 10பிஇ விஷயம்: நன்கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் நிதியாண்டு முடிந்து மே 31க்குள் வருமான வரித் தளத்தில் ஏற்ற வேண்டும், அதிலிருந்துதான் 10பிஇ சான்றிதழ் வரும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். டிரஸ்டி பணம் வாங்கும்போதே பெயர், முகவரி, பான் மூன்றையும் எழுதி வாங்கி வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

மலைக்கோட்டை

சொதப்பல் கேட்டீர்களே. இதோ.

எங்கள் டிரஸ்டி ஒருவருக்கு அமெரிக்காவில் மச்சான். ஊருக்கு வந்தபோது எங்கள் பள்ளியைப் பார்த்துவிட்டு உருகிப் போய், போகும் முன் தன் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ஐம்பதாயிரம் போட்டுவிட்டார். டிரஸ்டிக்கு ஒரே பெருமை. வாட்ஸ்அப்பில் எல்லோரும் கைதட்டு போட்டாயிற்று. மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது, அவரிடம் இருப்பது எந்தப் பாஸ்போர்ட்? அமெரிக்கப் பாஸ்போர்ட். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டு இருந்தாலும் சட்டப்படி அவர் வெளிநாட்டவர்தான், ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்குக் கிடையாது. ஆடிட்டரிடம் ஓடி, பணத்தைத் திருப்பி அனுப்பி, அதற்கு ஒரு தீர்மானம் போட்டு... டிரஸ்டி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மச்சானிடம் தலைகுனிவாகிவிட்டதாம். துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் நம்மவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. இதை முதலிலேயே டிரஸ்டிகளுக்குச் சொல்லித் தராதது என் தப்பு.

கரிசல் காடு

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. டிரஸ்டியின் வேலை கணக்கைப் பார்ப்பது, கேள்வி கேட்பது. அவரே வசூலுக்குக் கிளம்பினால் அப்புறம் யார் கேள்வி கேட்பது? எங்கள் ஊரில் ஒரு டிரஸ்டி, கமிட்டியைக் கேட்காமலேயே, வகுப்பறை கட்டப் பணம் தருகிற வியாபாரிக்கு வாசலில் கல்வெட்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் கொடுத்தது செலவில் கால்வாசி. மீதிக்குக் கொடுத்த நாற்பது பேர் சும்மா இருப்பார்களா? கல் வெட்டி வந்து, ஒரு வருடம் ஸ்டோர் ரூமில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது.

இரும்புக்கடை

கரிசல் அண்ணே, கல்வெட்டு சமாசாரம் ஒப்புக்கொள்கிறேன். என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று கமிட்டி முதலிலேயே பேசியிருக்க வேண்டும். ஆனால் கணக்கை நன்றாகப் பார்த்த டிரஸ்டிதான் தைரியமாக வாய் திறப்பார். "என் காசு எங்க போகுது?" என்று எதிராளி கேட்டால் பதில் தெரிய வேண்டுமே.

ஓய்வுபெற்ற மேனேஜர்

இரும்புக்கடை சொன்னதற்கு என் அனுபவம் சாட்சி. முன்பு வங்கியில் இருந்தேன், இப்போது ஒரு மாற்றுத்திறனாளிகள் மையத்தில் டிரஸ்டி. ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பிரிவுக்கு எங்கள் செயலாளர் மூன்று முறை போய் வந்தார். ரிசப்ஷனைத் தாண்டவில்லை. நான்காம் முறை நானும் போனேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. டிரஸ்டி நேரில் வருகிறார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் என் செல்வாக்கு. அந்த நிதியை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு எண், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை எல்லாம் செயலாளர் கையில் இருந்தது. ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன், ஏனென்றால் அந்தக் கணக்கில் வேன் வாடகையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முந்தைய கூட்டத்தில் ஒரு மணி நேரம் சண்டை போட்டவன் நான்தான். மீதி முழுக்கச் செயலாளர் பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டேன்.

படிப்பு மையம் அக்கா

மேனேஜர் ஐயா, அந்தப் பிஸ்கட் வேலைக்கு எங்களிடம் எட்டுப் பேர் இருக்கிறார்கள்! அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.

மலைக்கோட்டை சொன்னதைப் படித்ததும் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். என்ன பாஸ்போர்ட் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர் ஐயாவிடம்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன், அவருடைய பழைய மாணவராம். தாளில் அந்தப் பெயருக்கு நேரே இன்னும் 'ஆப்சென்ட்' என்றே இருக்கிறது.