மறு: 'பேட்டில் ஆனர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் – 'களப்பெயர்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஈப்போ ஐயா தொடங்கிவைத்த இழையை முதல் மடலிலிருந்து மறுபடி படித்தேன். 'பேட்டில் ஆனர்' (ஒரு படை நின்ற போர்க்களத்தின் பெயரை அதன் கொடியில் பொறிக்கும் சிறப்பு) என்பதற்கு இதுவரை போர்க் கௌரவம், போர் மரியாதை, செருப்பெயர், வாகைப்பெயர் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக 'களப்பெயர்' என்பதை முன்வைக்கிறேன். மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் எனக்கு உடனே வேண்டியிருக்கிறது.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் தமிழ்ப்பள்ளியில் ரப்பர்த் தோட்டத்துப் பழம்பொருள்களை வைத்து ஒரு சிறு கண்காட்சி நடத்துகிறார்கள். மங்கு, வாளி, பால்வெட்டும் உளி, கங்காணி வைத்திருந்த பெயர்ப் புத்தகம் எல்லாம் வந்துவிட்டன. என் பங்குக்கு அப்பாவின் மைலோ டின்னில் கிடந்த ஒரு தொப்பிச் சின்னத்தைக் கொடுத்தேன். மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மோதிய அவசரகாலத்தில், எங்கள் தோட்டத்தில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் பீரங்கிகளை நிறுத்தி மலைக்காட்டை நோக்கிச் சுட்டார்களாம். அப்பா அப்போது சின்னப் பையன். வெள்ளைக்கார பீரங்கிக்காரர்களுக்குத் தினமும் இளநீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். முகாமைக் கலைத்துப் போகும்போது அவர்களில் ஒருவர் அவர் கையில் வைத்துவிட்டுப் போனது அது. அதற்குப் பெயரட்டை எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே தமிழ் கைகொடுக்கவில்லை.

சின்னத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளை. உள்ளங்கையில் அடங்கிவிடும். நடுவே பெரிய சக்கரத்தோடு ஒரு பழைய பீரங்கி, அதன் மேல் ஒரு பட்டை, பட்டைக்கு மேல் கிரீடம். பட்டையில் 'உபிக்வே' என்ற ஒரே சொல். பீரங்கிக்குக் கீழே இன்னொரு பட்டையில் 'குவோ ஃபாஸ் எத் குளோரியா துகுந்த்'. இரண்டும் லத்தீன். முதலாவதற்கு 'எங்கணும்' என்று பொருள், அடுத்ததற்கு 'அறமும் புகழும் அழைத்துச் செல்லும் இடத்துக்கு' என்று சொல்லலாம். பிரிட்டனின் அரச பீரங்கிப் படையின் சின்னம் இது. கிரீடத்தின் வளைவுகள் மேலே வில்போல் நிமிர்ந்திருந்தால் மன்னர் காலத்துச் சின்னம். நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தால் 1952-இல் எலிசபெத் அரியணை ஏறிய பிறகு வந்தது. அப்பாவின் சின்னத்தில் விரலை வைத்தால் அந்தப் பள்ளம் தெளிவாகத் தட்டுப்படுகிறது. அவருக்குத் தேதி நினைவில்லை. இந்தப் பள்ளம் காலத்தைச் சொல்லிவிட்டது.

அவசரகாலத்துக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள தொடர்பு மலேசிய நண்பர்களுக்குத் தெரியும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அடுத்த 12 ஆண்டுகள் தோட்டத்து மக்கள் முள்வேலிக்குள்ளும் சோதனைச் சாவடிகளுக்கிடையிலும் வாழ்ந்தார்கள். அப்போது காட்டுக்குள் சுடப் பெரிதும் பயன்பட்டது 25 பவுண்டர் பீரங்கி. குண்டின் எடை 25 பவுண்டு, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல். 12 கிலோமீட்டர் தூரம் போகும். இரவில் லயத்துத் தகரக் கூரை அதிர்வதை அப்பா நாக்கால் தட்டிக் காட்டுவார்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

காலாட்படை ரெஜிமெண்டுகளுக்குக் கொடி உண்டு. எந்தெந்தப் போர்க்களத்தில் நின்றார்களோ அந்த ஊர்களின் பெயர்களைக் கொடியில் பூவேலையாகப் பொறிப்பார்கள். வாட்டர்லூ என்று ஒரு பட்டை, செவாஸ்டபோல் என்று இன்னொரு பட்டை. இதுதான் 'பேட்டில் ஆனர்'. நன்றாகக் கவனியுங்கள், அங்கே பொறிக்கப்படுவது ஓர் இடத்தின் பெயர். 'கௌரவம்', 'மரியாதை' என்று மொழிபெயர்த்தால் அந்த இடம் காணாமல் போய்விடுகிறது. அதிலும் 'போர் மரியாதை' என்றதும் நம் ஆள்களுக்கு இறுதிச் சடங்கில் குண்டு முழங்குவதுதான் நினைவுக்கு வரும். அந்த இரண்டையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

கோவை அண்ணன் தந்த 'செருப்பெயர்' பொருளில் மிகச் சரி, 'செரு' என்றால் போர். 'தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன்' என்ற பெயரிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த எடுத்துக்காட்டுக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் இழையின் திசையையே அது மாற்றிவிட்டது. ஆனால் எழுத்தில் பார்க்கும்போது கண் முதலில் 'செருப்பு' என்றுதான் பிடிக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கப்போகும் அட்டையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

'வாகைப்பெயர்' அழகான சொல். 'வாகை சூடினார்' என்று செய்தித்தாள் இன்றும் எழுதுகிறது, அதனால் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனாலும் அது வெற்றியை மட்டும்தான் சொல்லும். பீரங்கிப் படையின் வரலாற்றில் பெரிதாகப் போற்றப்படும் நாள்கள் பல, பின்வாங்கும்போது பீரங்கிகளையும் ஆள்களையும் இழந்த நாள்கள். 1914 ஆகஸ்ட் 26, பிரான்சில் லெ காத்தோ. அன்று பிரிட்டிஷ் படை 38 பீரங்கிகளை இழந்தது. எதிரி நெருங்கிவிட்ட பிறகும் குதிரைகளை ஓட்டிக்கொண்டு திரும்பப் போய், எஞ்சிய பீரங்கிகளை இழுத்துவர முயன்றவர்களில் சிலர் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். ஆறு நாள் கழித்து நேரி என்ற ஊரில், விடியற்காலை மூடுபனிக்குள் 'எல்' பேட்டரி என்ற பீரங்கி அணி மாட்டிக்கொண்டது. பீரங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து கடைசியில் ஒன்று மட்டும் சுட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேட்டரியில் மூவருக்கு விக்டோரியா கிராஸ். இன்று அதன் பெயரே 'எல் (நேரி) பேட்டரி'. லெ காத்தோவும் அப்படியே ஒரு பேட்டரியின் பெயரில் இருக்கிறது. இவற்றை வெறும் 'வாகை' என்று சொன்னால் நடந்ததைத் திரித்ததாகிவிடும். களத்தில் நின்றார்கள் என்பதற்காகக் கிடைத்த பெயர் அது.

அதனால்தான் களப்பெயர். வென்றாலும் தோற்றாலும் களம் களம்தான்.

இப்படி ஊர்ப்பெயரை வீரத்தின் பெயராகச் சூடுவது நமக்குப் புதிதல்ல. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. மதுரை கொண்ட பராந்தகன். 1025-இல் கடல் கடந்து படை அனுப்பிய இராசேந்திரனுக்குக் 'கடாரம் கொண்டான்'. அந்தக் கடாரம் எங்களுக்கு எட்டாத ஊரில்லை, இன்றைய கெடாதான். காலையில் இங்கிருந்து காரில் கிளம்பினால் அங்குள்ள தொல்லியல் இடமான பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு மாலைத் தேநீருக்குத் திரும்பிவிடலாம். 'எறிந்த', 'கொண்ட' என்ற வினைகள் வெற்றியைச் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்களின் முதல் பாதி எப்போதும் களம்.

இன்னொரு காரணம் கொஞ்சம் என் சொந்த விருப்பம் சார்ந்தது. 'களம்' தோட்டத்தில் உயிரோடிருந்த சொல். விடிவதற்கு முன் கங்காணி பெயர் கூப்பிடும் இடம் பெரட்டுக் களம். 'பெரட்டு' பட்டாளத்து 'பரேட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பட்டாளத்துச் சொல்லையும் நம் சொல்லையும் எங்கள் பாட்டன்மார் அகராதி பார்க்காமலேயே ஒட்டவைத்துவிட்டார்கள். அதே களத்துக்குப் பக்கத்தில் வந்து நின்ற பீரங்கியின் சின்னத்துக்கு 'களம்' என்ற சொல் பொருந்தி வருவதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது.

டொராண்டோ அக்கா ஓர் ஐயத்தை எழுப்பியிருந்தார்: 'களப்பெயர்' என்றால் போராளி ஒருவர் வைத்துக்கொள்ளும் புனைபெயர் என்று ஈழத்தவர் எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று. அதற்கு அங்கே 'இயக்கப் பெயர்' என்ற சொல் ஏற்கெனவே உறுதியாக நின்றுவிட்டதே அக்கா. அந்த இடம் நிரம்பிவிட்டதால் 'களப்பெயர்' நமக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். பிழையென்றால் திருத்துங்கள்.

பேட்டரிகளின் பெயர்கள் எல்லாமே இடப்பெயர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'மெர்சர்ஸ் ட்ரூப்' என்று ஒரு பேட்டரி, வாட்டர்லூவில் அதை நடத்திய அதிகாரியின் பெயரைத் தாங்குகிறது. 'ராக்கெட் ட்ரூப்' என்றும் ஒன்று உண்டு. இவற்றுக்கெல்லாம் பொதுவாகச் 'சிறப்புப்பெயர்' போதும். அது போர்க்களத்தின் பெயராக இருக்கும்போது மட்டும் களப்பெயர்.

இனி 'உபிக்வே'. பீரங்கிப் படைக்குக் களப்பெயர்ப் பட்டியலே கிடையாது. 1716-இல் வூல்விச்சில் இரண்டே கம்பெனிகளோடு தொடங்கிய படை அது. பின்னால் பிரிட்டன் போரிட்ட இடமெல்லாம் பீரங்கியும் போனதால் எதை எழுதுவது, எதை விடுவது? 1830-களில் நான்காம் வில்லியம் மன்னர் பட்டியலுக்குப் பதிலாக அந்த ஒரு சொல்லைக் கொடுத்தார். பொறியாளர் படைக்கும் அதுவே. இந்தியப் பீரங்கிப் படையின் குறிக்கோளுரையும் 'சர்வத்ர' என்றுதான் தொடங்குகிறது. அதற்கும் பொருள் அதுவே. 'எங்கும்' என்று போட்டால் போதாதா என்று சென்னைப் பேராசிரியர் கேட்டிருந்தார். பொருள் வந்துவிடும் ஐயா. ஆனால் தனித்து ஒரு பட்டையில் நிற்க அந்தச் சொல்லுக்குக் கனம் போதவில்லை. அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காதைத் தீட்ட வைக்கிறது. 'எங்கணும்' தனியாக நிற்கிறது. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் 'கலர்ஸ்', அதாவது படையின் கொடி. காலாட்படைக்குக் கொடி எப்படியோ, பீரங்கிப் படைக்குப் பீரங்கியே அப்படி. தனியாகக் கொடி கிடையாது. லெ காத்தோவில் அவ்வளவு பேர் உயிரைக் கொடுத்ததற்குக் காரணமும் அதுதான். 'பீரங்கியே கொடி' என்றால் தமிழில் விளங்காது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு படைக்கருவிக்கு இந்த நிலையைக் கொடுத்தவர்கள் நாம். முரசுக்கென்று தனிக் கட்டில் இருந்தது. அதை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில் மோசிகீரனார் களைப்பில் அந்தக் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். வெட்டத்தக்க குற்றம். சேரமன்னன் வெட்டாமல் விசிறி எடுத்து வீசினான். மேலே சொன்ன தகடூர் எறிந்த அதே இரும்பொறைதான். முரசின் புனிதம் புரிந்த வாசகருக்குப் பீரங்கியின் புனிதமும் புரியும். எனவே புதுச்சொல் வேண்டாம், 'கொடி' என்றே வைத்துக்கொண்டு வாக்கியத்தில் விளக்கிவிடலாம்.

'பேட்டரி'க்கு 'பீரங்கி அணி' என்று எழுதுகிறேன். 'மின்கலம்' என்று யாரும் குழம்ப மாட்டார்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

அட்டைக்கு எழுதியிருப்பது இது:

"பிரிட்டிஷ் அரச பீரங்கிப் படையின் தொப்பிச் சின்னம். பித்தளை. 1952-க்குப் பிந்தையது. அவசரகாலத்தில் நம் தோட்டத்தில் முகாமிட்டிருந்த பீரங்கி அணியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்தது. காலாட்படைகள் தாம் நின்ற களப்பெயர்களைக் கொடியில் பொறிக்கும். பீரங்கிப் படைக்குத் தனிக் கொடி இல்லை, பீரங்கியே அதன் கொடி. களப்பெயர்களுக்கு ஈடாக அது தாங்கும் ஒரே சொல்: எங்கணும்."

வெள்ளிக்கிழமை அட்டைகள் அச்சுக்குப் போகின்றன. 'களப்பெயர்' மீது மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதிவிடுங்கள். கோவை அண்ணன், உங்கள் கருத்தை முக்கியமாக எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து