கி.பி. 922 பஸ்கா சர்ச்சைக் கடிதங்கள்: எண் எழுத்துகளைச் சரிபார்க்க உதவி வேண்டும்

வணக்கம். யூதர்களின் பஸ்கா பண்டிகை எந்த நாளில் வர வேண்டும் என்று பாலஸ்தீன யூத அறிஞர் பென் மெயிருக்கும் பாபிலோனிய யூதத் தரப்பில் நின்ற அறிஞர் சாதியாவுக்கும் நடந்த நாள்காட்டிச் சர்ச்சைக் கடிதங்களை, கெய்ரோ கெனிசா (கெய்ரோ யூதத் தொழுகைக்கூடத்தின் பழைய ஏடுகள் கிடந்த அறை) துணுக்குகளின் படங்களைப் பார்த்து எழுத்துப்பெயர்க்கிறோம். எபிரேயக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

சிக்கல் எண்களில்தான். யூத நாள்காட்டியில் ஒரு மணிக்கு 1080 பகுதி. திஷ்ரி (யூதப் புத்தாண்டு மாதம்) அமாவாசைக் கணம் நண்பகலைத் தொட்டாலே புத்தாண்டைத் தள்ள வேண்டும் என்றது பாபிலோன். நண்பகலுக்குப் பின் 642 பகுதிவரை பொறுக்கலாம் என்றார் பென் மெயிர். 923இல் அந்தக் கணம் சனிக்கிழமை நண்பகலுக்குப் பின் 237ஆம் பகுதியில் விழும். அந்தப் புத்தாண்டு நாளுக்கு ஏற்ப முந்தைய ஆண்டுகளின் நீளமும் மாறும்; அதனால் 922 பஸ்காவே பென் மெயிருக்கு ஞாயிறு, பாபிலோனியருக்குச் செவ்வாய்!

எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் வரும். தாலேத், ரேஷ் என்ற எழுத்துகள் பழைய கையெழுத்தில் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். 4 எது, 200 எது என்று குழம்பிவிடும். பேத்–காஃப் (2, 20) இன்னும் மோசம். மங்கிய எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், சதுர அடைப்புக்குள் புள்ளி வையுங்கள். ஆண்டு செலூக்கிய கணக்கில் (கி.மு. 312இல் தொடங்கும் பழைய ஆண்டுக் கணக்கு) 1233 என்று வந்தால் அது 921–922. துணுக்கின் எண், முன்பக்கமா பின்பக்கமா, வரி எண் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.