பிரிசர்வேட்டிவ்: தமிழில் என்ன போடலாம்?

(மடற்குழு ஒன்றில் நடந்த உரையாடல். எழுதியவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

திருமங்கலம்:
அன்பர்களே, வணக்கம். வீட்டிலேயே லோஷனும் கற்றாழை ஜெல்லும் செய்யும் மகளிர் குழுவுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவை கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவுக்குப் 'பதப்படுத்தி' என்று போட்டிருந்தேன். பயிற்சிக்கு வந்த அக்கா ஒருவர், "திண்டுக்கல்லுல ஆட்டுத்தோலுக்குப் போடுறதா?" என்று கேட்டுவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

மேலூர்:
'பதனி'. பதம், பதன் இரண்டும் நிலம், நிலன் போலப் போலி. இகர விகுதி கருவிப்பொருள் தரும், மூடி என்பது போல. "தண்பதத்தான் தானே கெடும்" என்று வள்ளுவரே பதத்தையும் கேட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

உசிலம்பட்டி:
ஐயா, எங்கள் பக்கம் பதனி என்றால் பனையிலிருந்து இறக்குவது. லோஷனில் இரண்டு மடக்கு ஊற்றிவிடப் போகிறார்கள். அந்தக் குறள் எளிதில் காணமுடியாத மன்னனைப் பற்றியது. தண்பதம் என்றால் தாழ்ந்த நிலை.

மேலூர்:
கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். ஆக, பதம் காத்த நீர்தான் பதநீர். என் சொல்லுக்கு நீங்களே சான்று கொடுத்துவிட்டீர்கள்.

கே.கே. நகர்:
நான் வேதியியல் நடத்துகிறவன். பெயர் வைக்கும் முன் எது கெடுகிறது என்று பார்ப்போம். நன்னூல் சொல்லும் மூன்று விகாரமும் பாட்டிலுக்குள்ளேயே நடக்கின்றன. தோன்றல்: தண்ணீர் சேர்ந்த எதிலும் பூசணமும் பாக்டீரியாவும் தோன்றும். திரிதல்: பால்மமாக்கி (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்து வைப்பது) போதாமலோ, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்ததாலோ எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்கும். கெடுதல்: எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும்.

பிரிசர்வேட்டிவ் முதலாவதற்கு மட்டும்தான். வைட்டமின் ஈ மூன்றாவதற்கு. அதைப் போட்டுவிட்டுப் பூசணம் வராது என்று நம்புகிறவர்கள் ஏராளம். சாந்தன் கம் சேர்த்துக் கெட்டியாக்கினால் திரிவது தாமதமாகும், பாக்டீரியாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தண்ணீரே சேராத தலைத்தைலத்துக்கு பிரிசர்வேட்டிவ் வேண்டியதே இல்லை. 'பதம்' என்று பொதுவாகச் சொன்னால் இந்த வேறுபாடெல்லாம் போய்விடும். 'நுண்ணுயிர்த் தடுப்பி' என்று வையுங்கள்.

அளவையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஃபினாக்ஸி எத்தனால் என்ற தடுப்பி 100 கிராமுக்கு 1 கிராமைத் தாண்டக் கூடாது. சோடியம் பென்சோயேட் என்ற இன்னொரு தடுப்பிக்கு அமிலத்தன்மை வேண்டும். பிஹெச் (இந்த எண் கூடக் கூட அமிலத்தன்மை குறையும்) 5-க்கு மேல் போனால் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

உசிலம்பட்டி:
'பூசணத் தடுப்பி' என்றால் பாட்டிக்கும் புரியுமே?

கே.கே. நகர்:
அதுதான் ஆபத்து. பூசணம் கண்ணுக்குத் தெரியும், பாக்டீரியா தெரியாது. மேலே வெள்ளை பூக்கவில்லை, நல்லாத்தான் இருக்கு என்று முகத்தில் தடவுவார்கள்.

சோழவந்தான்:
எதற்கு இத்தனை பாடு? டவுன் கடையில் போய் நுண்ணுயிர்த் தடுப்பி கேட்டால் டெட்டாலை எடுத்து நீட்டுவார். பிரிசர்வேட்டிவ் என்றே போடுங்கள். அப்புறம், தடுப்பியா தடுப்பானா?

மேலூர்:
ஆன் ஆண்பால் விகுதி. பாட்டிலுக்கு ஏது ஆண்பால்?

உசிலம்பட்டி:
கணிப்பான் மட்டும் மீசை வைத்திருக்கிறதா ஐயா?

(இதற்குப் பின் விகுதி பற்றியே மடல்கள் போயின. அவற்றை விட்டுவிடுகிறேன். – திருமங்கலம்)

திருமங்கலம்:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. 'நுண்ணுயிர்த் தடுப்பி' என்றே போடுகிறேன். கடையில் கேட்க வசதியாக, முதல் முறை வரும்போது பக்கத்திலேயே 'பிரிசர்வேட்டிவ்' என்று தமிழ் எழுத்தில் இருக்கும். மூன்று விகாரத்தையும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன், கே.கே. நகர் ஐயா பொறுத்துக்கொள்ளவும். சோழவந்தான் அரைமனதோடு சரி என்கிறார்.

மேலூர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. அது விளக்கமே தவிரப் பெயர் இல்லை. 'பால்மமாக்கி'யிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. அதற்கு நாளை தனி மடல் வரும்.